ஆயில் ஃபில்டர்மேல் ஒட்டிய காந்தம் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்

வீட்டில் உயிர்விட்ட ஹார்டு டிஸ்க் ஒன்று கிடந்தால் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பிறைபோல வளைந்த இரண்டு காந்தங்கள் இரும்புத் தகட்டில் ஒட்டியபடி இருக்கும். சின்னதுதான். ஆனால் இரண்டையும் பக்கத்தில் கொண்டுபோனால் டப்பென்று ஒட்டிக்கொள்ளும்; நடுவில் விரல் சிக்கினால் ரத்தம் கட்டிவிடும். வண்டிமேல் கொஞ்சம் பித்து உள்ளவர் கையில் இது கிடைத்தால் அடுத்த யோசனை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். இதை ஆயில் ஃபில்டர்மேல் ஒட்டினால் என்ன? எண்ணெயோடு வருகிற இரும்புத்தூளை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமே. அதுவும் புது என்ஜின் என்றால் உரசல் அதிகம், தூளும் அதிகம்.

நானும் அப்படித்தான் ஒட்டினேன். கார் வந்த இரண்டாவது வாரம் சென்னை ரிச்சி தெருவிலிருந்து பழைய ஹார்டு டிஸ்க்குகள் இரண்டை வாங்கிவந்து பிரித்து, நான்கு காந்தங்களை ஃபில்டர் டப்பாவைச் சுற்றி ஒட்டினேன். 5,000 கிலோமீட்டரில், கம்பெனி சொன்ன கெடுவுக்கு முன்னாலேயே, என் செலவில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றச் சொன்னேன். "பழைய ஃபில்டர் எதுக்கு சார், தூக்கிப் போட வேண்டியதுதானே?" என்றார் மெக்கானிக். "வேணும் அண்ணா, அறுத்துப் பார்க்கணும்" என்று ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாங்கிவந்தேன். அதில் என்ன இருந்தது என்பதைச் சொன்னால் புரிய வேண்டுமானால், டப்பாவுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

புது என்ஜின் ஏன் தூள் உதிர்க்கிறது? சிலிண்டரின் உட்சுவரைக் கண்ணாடிபோல வழவழப்பாக விடுவதில்லை. ஹோனிங் கல்லை வைத்துக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே போடுகிறார்கள். எண்ணெய் தங்குவதற்கு அந்தக் கீறல்கள்தான் இடம். கீறலுக்குக் கீறல் நடுவே நிற்கிற மேடுகளைப் பிஸ்டன் ரிங் உரசி உரசி மட்டம் செய்தால்தான் ரிங் சுவரோடு நன்றாகப் பொருந்தும். பொருந்தினால் புகை கீழே இறங்காது, ஆயில் மேலே ஏறாது. அந்த மட்டமாகும் வேலையில் உதிர்வது பெரும்பாலும் வார்ப்பிரும்புத் தூள். அதோடு கேம் தண்டு, செயின், ஆயில் பம்ப் எல்லாம் ஒன்றோடொன்று பழகும்போது கொஞ்சம் எஃகுத் தூள் சேரும். தொழிற்சாலையில் கழுவியும் போகாத கடைசல் துணுக்கு, வார்ப்பு மணல், பாகங்களை ஒட்டும் பசையின் சிறு பிசிறு, இவையும் உண்டு. இந்த உதிர்வு ஆரம்பத்தில் அதிகமாக இருந்து, பிறகு சட்டென்று குறைந்துவிடும். ஆகவே புது என்ஜினைப் பற்றிய கவலை வெறும் பிரமை இல்லை. இரும்பு உதிர்வது உண்மை. அதில் பெரும்பகுதி ஆரம்ப நாட்களில் உதிர்வதும் உண்மை.

இதைப் பிடிக்கத்தான் ஃபில்டர். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாந்து என்பவர் காருக்கான ஆயில் ஃபில்டரை உருவாக்கினார். 'பின்னால் தூய எண்ணெய்' என்று பொருள்வரும் சொற்களைச் சுருக்கி அதற்குப் பியூரோலேட்டர் என்று பெயர் வைத்தார்கள். 1924-இல் வந்த கிரைஸ்லர் காரில் அது இருந்தது. அந்தக் காலத்து ஃபில்டர்கள் பம்பிலிருந்து வருகிற எண்ணெயில் ஒரு சிறு பங்கை மட்டும் வடிகட்டி, என்ஜினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்புக்குத் திருப்பி அனுப்பும். பேரிங்குக்குப் போகிற எண்ணெய் முழுவதும் ஃபில்டர் வழியாகவே போகும் ஏற்பாடு பிறகுதான் பரவியது. இன்று நம் கார்களில் இருப்பது அதுதான்.

ஆனால் எண்ணெய் முழுவதும் வழிந்துபோக வேண்டும் என்றால் ஃபில்டருக்குள் வடிகட்டுகிற காகிதத்தின் துளைகளை ரொம்ப நெருக்கமாக வைக்க முடியாது. வைத்தால் எண்ணெயே போகாது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண ஃபில்டர் 20, 30 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளை நன்றாகப் பிடிக்கும்; அதற்குக் கீழே போகப் போக நழுவ விடும். தலைமுடியின் பருமன் ஏறக்குறைய 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும். கண்ணுக்குத் தெரியாத தூள்தான் தப்பிப்பது. தொல்லை என்னவென்றால், கிராங்க் பேரிங்கில் பாரம் இறங்குகிற இடத்தில் எண்ணெய்ப் படலத்தின் கனமும் சில மைக்ரான்தான். படலத்தைவிடப் பெரிய துகள் அதற்குள் நுழைந்தால் இரண்டு பக்கத்தையும் கீறும். படலத்தைவிடச் சின்னது, எண்ணெயோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். 1988-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று இதை எண்களில் காட்டியது: 40 மைக்ரான் ஃபில்டரோடு ஒப்பிட்டால், 30 மைக்ரான் ஃபில்டர் தேய்மானத்தை 50 சதவீதம் குறைத்தது, 15 மைக்ரான் ஃபில்டர் 70 சதவீதம் குறைத்தது. ஃபில்டரில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இந்த எண்கள்தான் காரணம். அதே எண்கள்தான் காந்தத்தின்மேல் ஆசையையும் கிளப்புகின்றன. காகிதம் நழுவ விடுகிற 5, 10 மைக்ரான் இரும்பைக் காந்தம் பிடித்தால் நல்லதுதானே?

இங்கே தேயிலைத் தொழிற்சாலையை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். நீலகிரியில் சி.டி.சி. தூள் தயாரிக்கும்போது, பல் வெட்டிய எஃகு உருளைகளுக்கு நடுவே இலை நசுங்கிக் கிழிந்து சுருளும். உருளை தேயத் தேய இரும்புத்தூள் தேயிலையில் கலக்கும். அதை எடுக்கத் தூளைக் காந்தங்களுக்கு அடியில் ஓடவிடுவார்கள். அங்கே காந்தம் நன்றாக வேலை செய்கிறது. ஏன்? தூள் மெல்லிய படுகையாகப் பரவியிருக்கும், காந்தத்துக்கு மிக அருகே போகும், நிதானமாகப் போகும், சுற்றி இருப்பது காற்று. என்ஜின் ஃபில்டரில் இந்த நான்கில் ஒன்றுகூட நமக்குச் சாதகமில்லை.

டப்பாவுக்குள் எண்ணெயின் பாதையைப் பாருங்கள். ஃபில்டரின் அடித்தட்டில் நடுவே மரை போட்ட பெரிய துளையும், சுற்றிலும் சின்னத் துளைகளும் இருக்கும். அழுக்கு எண்ணெய் சின்னத் துளைகள் வழியாக நுழைந்து, டப்பாச் சுவருக்கும் மடிப்புக் காகிதத்துக்கும் நடுவே உள்ள இடுக்கில் பரவி, காகிதத்தை ஊடுருவி, நடுக்குழாய் வழியாக வெளியேறும். இது காந்தத்துக்குக் கிடைத்த நல்ல வசதி. டப்பாவின் வெளிப்புறம் ஒட்டினாலும் அது இருப்பது அழுக்கு எண்ணெய்ப் பக்கம். பிடித்ததை என்றைக்காவது நழுவ விட்டாலும் பின்னால் காகிதம் நிற்கிறது.

அடுத்தது டப்பாச் சுவர். அது எஃகுத் தகடு, அரை மில்லிமீட்டர் கனம் இருக்கலாம். காந்தத்துக்கும் தூளுக்கும் நடுவே இரும்பு இருந்தால், காந்தப்புலம் இரும்பு வழியாகவே பக்கவாட்டில் ஓடி வட்டத்தை முடித்துக்கொள்ளப் பார்க்கும். ஸ்பீக்கரிலிருந்து எடுத்த கறுப்பு ஃபெரைட் காந்தத்தை ஒட்டுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். டப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே என்று மகிழ்வார்கள்; அந்தப் பிடிப்பில் பெரும்பங்கு சுவருக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. ஹார்டு டிஸ்க்கில் இருப்பது நியோடைமியம் என்ற உலோகம் கலந்த, மிகப் பலமான காந்தம். அதன் கதை வேறு. மெல்லிய தகட்டால் தாங்க முடிகிற அளவுக்குமேல் அது புலத்தைக் கொட்டும். தகடு நிரம்பியபின் மிச்சம் உள்ளே இறங்கும். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வில்லைக்கு நான் போட்டுப் பார்த்த உத்தேசக் கணக்கில் பாதிப் புலம் உள்ளே போகிறது. வீட்டில் சோதித்துப் பார்ப்பதும் சுலபம். அறுத்துக் காலியாக்கிய ஃபில்டர் டப்பாவின் வெளியே காந்தத்தை வையுங்கள். உட்சுவரில் அதே இடத்தில் ஒரு குண்டூசியைத் தொங்கவிட்டுப் பாருங்கள். ஊசி நன்றாக ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் விழாமல் நின்றால் புலம் உள்ளே போகிறது. சும்மா வழுக்கி விழுந்தால் அந்தக் காந்தம் டப்பாவை அலங்கரிக்கத்தான் ஆகும்.

ஹார்டு டிஸ்க் காந்தம் இந்த வேலைக்குப் பொருத்தமாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் ஒரே முகத்தில் வடக்கும் தெற்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முதுகில் எஃகுத் தகடு. முதுகுப் பக்கம் புலம் வீணாகாது. முகப் பக்கம் வடக்கிலிருந்து தெற்குக்குக் குட்டையான வளைவாகப் பாயும். துகளை இழுப்பதற்குப் புலம் பலமாக இருந்தால் மட்டும் போதாது. ஓரிரு மில்லிமீட்டரில் அது வேகமாக ஏறி இறங்க வேண்டும். அந்த ஏற்ற இறக்கம்தான் துகளை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. தனித்தனி வில்லைக் காந்தங்களை ஒட்டுகிறவர்கள் வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி ஒட்டினால் இதே பலன் கிடைக்கும்.

சரி, புலம் உள்ளே போய்விட்டது. துகள் வருமா? சின்ன என்ஜினில் பம்ப் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். டப்பாவின் இடுக்கு ஐந்து மில்லிமீட்டர் என்றால், அடித்தட்டுக்குப் பக்கத்தில் எண்ணெய் நொடிக்குப் பதினைந்து, இருபது சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். இரண்டு சென்டிமீட்டர் அகலக் காந்தத்தைக் கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் துகள் பிசுபிசுப்பான எண்ணெயைக் குறுக்கே கிழித்துக்கொண்டு சுவருக்கு வந்துசேர வேண்டும். இதில் அளவு செய்கிற மாயம் பெரிது. காந்தம் இழுக்கும் விசை துகளின் கன அளவைப் பொறுத்தது. எண்ணெய் தடுக்கும் விசை அதன் விட்டத்தைப் பொறுத்தது. விட்டம் பாதியானால் இழுப்பு எட்டில் ஒன்றாகும், தடுப்பு பாதியாகத்தான் குறையும். ஆக நகரும் வேகம் நான்கில் ஒன்று. 20 மைக்ரான் துகளைவிட 2 மைக்ரான் துகள் நூறு மடங்கு மெதுவாக நகரும். அந்தச் சிறு நேரத்தில் 20 மைக்ரான் துகள் சுவரை நோக்கி ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது என்றால், 2 மைக்ரான் துகள் நகர்வது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

20 மைக்ரான் துகளையோ காகிதமே பிடித்துவிடும். காந்தம் தேவைப்படுவது சின்னத் துகளுக்கு. ஆனால் காந்தம் தடுமாறுவதும் சின்னத் துகளிடம்தான். இந்த விஷயத்தின் முடிச்சே இங்கே இருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் காந்தத்தை ஒரே வரியில் தள்ளிவிடலாம். ஆனால் எண்ணெய் ஒரே தடவை போவதில்லை. சம்பில் மூன்றரை லிட்டர் இருந்தால், நிமிடத்துக்கு ஏறக்குறைய மூன்று சுற்று. ஒரு மணி நேரத்தில் நூற்றெழுபது தடவை அதே எண்ணெய் அதே காந்தத்தைத் தொட்டுப் போகிறது. ஒவ்வொரு தடவையும் பத்தாயிரத்தில் நாலைந்து துகள் மாட்டினாலும், பத்து இருபது மணி நேர ஓட்டத்தில் கணிசமாகச் சேர்ந்துவிடும். மாட்டியது திரும்பிப் போவதில்லை. ஆகவே காந்தம் பொய் இல்லை. அது ஒரு பொறுமைசாலி. கொஞ்சம் கொஞ்சமாக, நாள்பட, மெல்லிய இரும்பைச் சேர்த்துக்கொள்கிறது. இரும்புத்தூள் சூடான எண்ணெயில் மிதந்துகொண்டே இருந்தால் எண்ணெய் ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதையும் அது துரிதப்படுத்தும். அந்த வகையிலும் ஒரு சிறு நன்மை உண்டு. ஆனால் இதை வைத்து என்ஜின் ஆயுள் இத்தனை மடங்கு கூடும் என்று யாராவது விற்க வந்தால் நான் வாங்க மாட்டேன்.

சூடு இன்னொரு சிக்கல். ஓடுகிற என்ஜினில் எண்ணெய் 90 முதல் 110 டிகிரி செல்சியஸ் வரை போகும். மலைப்பாதையில் பாரத்தோடு ஏறினால் இன்னும் கூடும். எண்ணெய் சூடானால் இளகும், துகள் சுலபமாக நகரும், அதுவரை நல்லது. ஆனால் சாதாரண நியோடைமியம் காந்தத்துக்குச் சொல்லப்பட்ட எல்லை 80 டிகிரிதான். அதைத் தாண்டினால் அது இழக்கிற பலத்தில் ஒரு பகுதி ஆறினபிறகும் திரும்பாது. 1984-இல் ஜப்பானின் சுமிடோமோ நிறுவனமும் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸும் தனித்தனியே இந்தக் காந்தத்தை அறிவித்ததிலிருந்து, சூட்டைத் தாங்கும் ரகங்களும் படிப்படியாக வந்திருக்கின்றன: எச் ரகம் 120 டிகிரி, எஸ்எச் 150, யூஎச் 180. ஹார்டு டிஸ்க்கில் இருப்பது எந்த ரகம் என்று அதன்மேல் எழுதியிருக்காது. 80 என்று வைத்துக் கணக்குப் போடுவதே உத்தமம். ஃபெரைட் காந்தம் 250 டிகிரியைக்கூடத் தாங்கும். ஆனால் பலம் போதாது. பலமுள்ளது சூட்டுக்குப் பயப்படுகிறது. சூட்டைத் தாங்குவதிடம் பலமில்லை. காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்றால் என்42 எஸ்எச் மாதிரியான ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இதுவரை பேசியதெல்லாம் இரும்பைப் பற்றி. என்ஜினைக் கொல்வதில் பெரிய பங்கு இரும்புக்கு இல்லை என்பதுதான் எனக்குக் கவலை தருகிற விஷயம். காற்றோடு உள்ளே வருகிற தூசியில் பெரும்பகுதி மணல் வகை, அதாவது சிலிக்கா. அது இரும்பைவிடக் கடினம். ரிங்கையும் சுவரையும் அரைக்கிற அரவைக்கல் அதுதான். காந்தத்துக்கு அது கண்ணில் படவே படாது. பிஸ்டன் அலுமினியம். பேரிங்கின் மேற்பூச்சில் செம்பு, ஈயம், வெள்ளீயம், அலுமினியம் என்று எது இருந்தாலும் காந்தத்தில் ஒட்டாது. டீசல் என்ஜினின் கரிப்புகை கலந்து எண்ணெய் கறுப்பதைக் காந்தத்தால் தொடவும் முடியாது. சில மோட்டார் சைக்கிள்களில் சிலிண்டரே அலுமினியம். சுவரில் நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் சேர்ந்த பூச்சு. அங்கே சுவரிலிருந்து இரும்பு வருவதற்கே வழியில்லை.

ஆகவே புது வண்டிக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று கை பரபரத்தால், முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து ரப்பர் விளிம்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கிளிப் ஒன்று மாட்டாமல் விடுபட்டிருந்தால், அந்த இடுக்கு வழியாகப் போகிற புழுதி செய்யும் சேதத்தை எத்தனை காந்தம் ஒட்டினாலும் ஈடுகட்ட முடியாது. சர்வீஸில் காற்றடித்துத் தட்டிவிட்டுப் பழைய ஏர் ஃபில்டரையே திருப்பிப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. அழுத்தமாக அடிக்கிற காற்றில் காகிதம் கிழியலாம். இதில் பார்வை வையுங்கள். இரண்டாவது, முதல் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுவது. உதிர்ந்த இரும்பு, மணல், பிசிறு, காகிதம் பிடிக்காத நுண்ணிய தூள் எல்லாம் ஒரே தடவையில் வெளியே போகிற ஒரே வழி அதுதான். சம்பின் அடியில் எண்ணெயை வடிப்பதற்கு இருக்கிற ட்ரெயின் போல்டைக் கழற்றினால் இரும்பு, அலுமினியம் என்று பேதம் பார்க்காமல் கொட்டும்.

இப்போது என் ஃபில்டருக்கு வருவோம். முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்ய வேண்டாம். ஹேக்ஸா பிளேடால் டப்பாவை அறுத்தேன். பாதி அறுத்ததும்தான் உறைத்தது: அறுக்கும்போது உதிர்கிற எஃகுத்தூள் நேராக உள்ளேதான் விழுகிறது; சாட்சியத்தை நானே கெடுத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஃபில்டருக்கு, குழாயைச் சுற்றிச் சுற்றி வெட்டுகிற பைப் கட்டர்போல வேலை செய்யும் ஃபில்டர் கட்டரை வாங்கினேன். அது சக்கரத்தால் தகட்டைப் பிளக்கும், தூள் விழாது. வெட்டும்வரை காந்தங்களைக் கழற்றக் கூடாது. கழற்றினால் பிடித்துவைத்த கசடு எண்ணெயில் கலைந்துவிடும்.

முதல் ஃபில்டரில், அறுத்த தூளைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தாலும் விஷயம் இருந்தது. காந்தம் இருந்த நான்கு இடங்களிலும் உட்சுவரில் சாம்பல் கலந்த கறுப்பில், ஈர மாவு அப்பினதுபோல ஒரு பூச்சு. காந்தத்தின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. வடக்கும் தெற்கும் சந்திக்கிற கோட்டில் மட்டும் பூச்சு சற்றுத் தடிப்பு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தேன். நறநறப்பு இல்லை. கண்மைபோல வழவழவென்று பரவியது. காந்தம் இல்லாத சுவர்ப்பகுதி வெறும் எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது.

அந்தப் பூச்சைப் படிப்பது எப்படி என்பதுதான் காந்தத்தால் கிடைக்கிற உண்மையான வருமானம் என்று நான் நினைக்கிறேன். மண்ணெண்ணெயில் கொஞ்சம் கரைத்து வெள்ளைக் காகிதத்தில் ஊற்றி, காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்துங்கள். நகர்வது இரும்பு, எஃகு. நகராமல் நிற்பது வேறு. கண்மைபோல மெல்லிய சாம்பல் தூள் மட்டும் என்றால் இயல்பான தேய்மானம். புது என்ஜினில் அது இருந்தே தீரும். வெயிலில் காட்டினால் மினுங்குகிற செதில்கள் வந்தால் எங்கோ மேற்பரப்பு உரிகிறது என்று அர்த்தம். ஊசிபோலச் சுருள் துணுக்கு ஒன்றிரண்டு முதல் ஃபில்டரில் மட்டும் இருந்தால் தொழிற்சாலைக் கடைசலின் மிச்சமாக இருக்கலாம். மூன்றாவது ஃபில்டரிலும் வந்தால் விடக் கூடாது. காகித மடிப்புகளையும் விரித்துப் பாருங்கள். செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ மினுமினுப்பு இருந்து, காந்தத்துக்கு அது அசையாமல் இருந்தால் பேரிங்கையோ பிஸ்டனையோ சந்தேகிக்க வேண்டும். காந்தத்தை மட்டும் பார்த்து "சுத்தமாக இருக்கிறது" என்று நிம்மதி அடைவது ஆபத்தான நிம்மதி.

விமானத் துறை காந்தத்தைப் பயன்படுத்துவதே இப்படித்தான். ஹெலிகாப்டர் கியர்பாக்ஸில் காந்த ப்ளக் ஒன்று எண்ணெயில் முக்கி வைக்கப்பட்டிருக்கும். அதில் இரண்டு மின்முனைகள். இரும்புத் துணுக்கு ஒட்டி அவற்றை இணைத்துவிட்டால் விமானியின் முன்னால் விளக்கு எரியும். துணுக்கைப் பிடிப்பதைவிட, துணுக்கு வந்துவிட்டது என்று சொல்வதுதான் அதன் வேலை.

பிடிக்கிற வேலையையே காந்தம் உருப்படியாகச் செய்கிற இடங்களும் இருக்கின்றன. அவை ஃபில்டர் இல்லாத இடங்கள். மேனுவல் கியர்பாக்ஸ், லாரி, டிராக்டரின் டிஃபரன்ஷியல். உள்ளே எஃகுப் பற்கள் எஃகுப் பற்களோடு உரசுகின்றன, காகிதம் கிடையாது, எண்ணெய் பல்லாயிரம் கிலோமீட்டர் மாறாமல் கிடக்கிறது. அங்கே காந்தம் வைத்த ட்ரெயின் போல்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நுனியில் முள்ளம்பன்றிபோல நிற்கும் கசடு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் அடித்தட்டில் கம்பெனிக்காரர்களே காந்தம் போட்டு அனுப்புகிறார்கள். மோட்டார் சைக்கிளில் என்ஜினுக்கும் கியருக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே எண்ணெய் என்பதால் எஃகுத்தூள் காரைவிட அதிகம். ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளில் ஒட்டுவதற்கு டப்பா ஃபில்டரே இல்லை. கம்பி வலையும், கிராங்கோடு சுழன்று கனமான துகள்களைச் சுவரில் வீசி அடிக்கும் மையவிலக்கு ஃபில்டரும்தான். சுழற்சிக்கு இரும்பு, மணல் என்ற வித்தியாசம் தெரியாது; ஆனால் அதைத் திறந்து வழித்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் கிடக்கிறது. அதைச் செய்வதும், சரியான மரை அளவில் காந்த ட்ரெயின் போல்ட் போடுவதும் அந்த வண்டிக்குப் போதும். வாரன்டி இருக்கும்வரை போல்டை மாற்றுவதற்கு முன் யோசியுங்கள்.

காரில் ஒட்டத்தான் போகிறேன் என்பவர்களுக்குச் சில விஷயங்கள். காந்தத்தை ஒருபோதும் ஃபில்டருக்குள்ளோ சம்புக்குள்ளோ போடாதீர்கள். நியோடைமியம் பீங்கான்போல நொறுங்கும். மேலே பூசிய நிக்கல் உரியும். பிடிக்க வந்ததே துகளாகிவிடும். வெளியே ஒட்டினாலும் அதை மட்டும் நம்பாமல், எஃகு ஹோஸ் கிளாம்ப் ஒன்றால் சுற்றி இறுக்குங்கள். அதிர்வில் கழன்று பெல்ட்டிலோ விசிறியிலோ மாட்டினால் பெரிய செலவு. கிராங்க் தண்டின் சுழற்சியைக் கவனிக்கும் சென்சார் ஃபில்டருக்குப் பக்கத்திலேயே இருக்கிற வண்டிகளில், காந்தம் அதைக் குழப்பாமல் இருக்க, அந்தப் பக்கத்தை விட்டுவிடுங்கள். டப்பாவின் மூடிய முனைப் பக்கம், அதாவது அடித்தட்டுக்கு எதிர்ப்பக்கம், எண்ணெய் மெதுவாக நகரும். அங்கே ஒட்டினால் பிடிப்பு நன்றாக இருக்கும். சில ஃபில்டர்களில் பைபாஸ் வால்வும் அந்த முனையில்தான் உண்டு. குளிர்ந்த எண்ணெயிலோ காகிதம் அடைத்துக்கொண்டாலோ அது திறந்து, வடிகட்டாத எண்ணெயை நேராக பேரிங்குக்கு விடும். அந்த நேரத்தில் அங்கே கிடக்கிற இரும்புக் கசடைக் காந்தம் இறுகப் பிடித்திருந்தால் லாபம்தான். காகிதத்தை மட்டும் மாற்றுகிற கார்ட்ரிட்ஜ் வகையில் கூடு பிளாஸ்டிக்கோ அலுமினியமோ. காந்தம் தானாக ஒட்டாது, சுவரும் தடிமன், பலனும் குறைவு. அதில் முயற்சி செய்யாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். எண்ணெயில் கலந்திருக்கும் தேய்மானத் தடுப்பு மருந்துகளைக் காந்தம் இழுத்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். இழுக்காது, அவற்றில் காந்தத்துக்கு ஒட்டுகிற சரக்கு இல்லை.

என் காரில் இப்போது மூன்றாவது ஃபில்டர். ஒவ்வொரு முறையும் ஒரு வெள்ளைக் காகிதத்தில் காந்தப் பூச்சை விரலால் ஒரே ஒரு இழுப்பு இழுத்து, கிலோமீட்டரையும் தேதியையும் எழுதி, காய்ந்ததும் சர்வீஸ் புத்தகத்துக்குள் வைத்துவிடுகிறேன். 5,000-இல் எடுத்த இழுப்பு பென்சிலால் அழுத்திப் பூசியதுபோல அடர் சாம்பல். 15,000-இல் எடுத்தது, இரண்டு மடங்கு தூரம் ஓடியிருந்தும், அதில் பாதி அடர்த்திகூட இல்லை. அடியில் எழுதிய தேதி அதற்குள்ளிருந்து தெளிவாகத் தெரிகிறது.